மூக்காயி வச்ச மொச்சக் கொழம்பு

கரட்டு மலைக்கு இந்தப் பக்கம், ஆத்துக்கு அந்தப் பக்கம், ஒரு ஊரு இருந்துச்சாம். ஊரு பேரு கொறட்டிப்பட்டி. அந்த ஊர்ல மூக்காயின்னு ஒரு பொம்பள இருந்தாளாம். புருசனும் இல்ல, புள்ளகுட்டியும் இல்ல. ஆனா அவ வீட்டுல சாப்பாட்டு நேரத்துக்கு ஆள் இல்லாம இருந்ததே இல்ல. வளையல் விக்க வந்தவன் சாப்பிடுவான், ஆடு மேய்க்கப் போறவ சாப்பிடுவா, வழி தெரியாம வந்தவுக சாப்பிடுவாக.

அவ்வளவு சொத்தான்னு கேக்காத. வீட்டு மூலையில ஒண்ணு மேல ஒண்ணா மூணு பானை. அடிப்பானையில காஞ்ச மொச்சை, நடுப்பானையில மல்லி, மிளகா வத்தல், கடுகு, சீரகம்னு சில்லறைச் சாமான், மேல்பானையில புளியும் உப்பும். அதுபோக உறியில கொஞ்சம் அரிசி, வெங்காயம், பூண்டு, ஒரு கலயம் நல்லெண்ணெய். அம்புட்டுதான். யாராச்சும் வருவாகன்னு முந்தின நாளே நாலு கை மொச்சைய அள்ளித் தண்ணியில போட்டு வச்சிருவா.

அப்ப ஒரு ஐப்பசி மாசம் மழை புடிச்சுக்கிச்சு. ஒரு நாள் பேஞ்சுச்சு, ரெண்டு நாள் பேஞ்சுச்சு, மூணு நாளும் விடாமப் பேஞ்சுச்சு. ஆத்துல வெள்ளம். அந்த நாட்டு ராசா வேட்டைக்கு வந்தவரு, ஆத்தக் கடந்து ஊருப் பக்கம் வந்துட்டாரு. பின்னால வந்த சமையல் வண்டி என்னாச்சு? நெய்க்குடம், முந்திரி மூட்டை, குங்குமப்பூ டப்பி எல்லாத்தோடயும் ஆத்துல போயிருச்சு. வண்டியிலருந்து குதிச்சுத் தப்பிச்சது ஒரே ஒரு ஆளு, அரண்மனைத் தலைமைச் சமையக்காரன் சடையாண்டி. ஆளு நெல்லுக் குதிருகணக்கா இருப்பான், மீசை ரெண்டு பக்கமும் கரண்டிக் காம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்.

ராசாவும் சடையாண்டியும் தொப்பு தொப்புன்னு நனைஞ்சு வந்து, பொகை வந்த வீட்டுல கதவத் தட்டுனாக. அது யாரு வீடு? மூக்காயி வீடுதான்.

"யம்மா, பசிக்குது. ஏதாச்சும் இருக்கா?"ன்னு கேட்டாரு ராசா.

"உள்ள வாங்க சாமி, மொதல்ல தலையத் தொவட்டுங்க"ன்னா மூக்காயி. அவளுக்கு வந்திருக்கிறது ராசான்னே தெரியாது.

சடையாண்டி மூணு பானையையும் தொறந்து தொறந்து பாத்தான். "கறியில்ல, காயில்ல, நெய்யில்ல. இதென்ன, மொச்சையா? எங்கூர்ல இத மாட்டுக்குத்தான் போடுவோம்"னான்.

"எங்கூர்ல மாடு வந்தாலும் போடுவோம், மனுசரு வந்தாலும் போடுவோம். செத்த ஒக்காருங்கண்ணே"ன்னுட்டு அவ பாட்டுக்கு வேலையப் பாத்தா.

எப்பிடிச் செஞ்சான்னு கேளு. ஊறி உப்பிக்கிட்டு இருந்த மொச்சைய அடுப்புல ஏத்துனா. அது வேகுறதுக்குள்ள மல்லி, மிளகா வத்தல், கொஞ்சம் சீரகம், நாலு மிளகு எல்லாத்தையும் வறுத்து அம்மியில வச்சு இழுத்தா. அப்புறம் சட்டியில நல்லெண்ணெய ஊத்தி, கடுகும் வெந்தயமும் போட்டு, அது படபடன்னு வெடிக்கவும் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் முழுசு முழுசாப் போட்டு வதக்குனா. மொச்சைய எடுத்து நசுக்கிப் பாத்தா, வெண்ணெயாட்டம் நசுங்குச்சு. அதையும் அரைச்ச மசாலாவையும் சட்டியில சேத்தா. அதுக்கப்புறந்தான் புளியக் கரைச்சு ஊத்துனா. கடைசியில ஒரு கரண்டி மொச்சைய மசிச்சு உள்ள போட்டுக் கிண்டவும், கொழம்பு கெட்டியாகி, களக் புளக்னு கொதிச்சுச்சு பாரு, தெரு முக்கு வரைக்கும் வாசம். ஏ, அங்க யாரு நாக்கச் சப்புக் கொட்டுறது?

ராசா ஒரு தட்டு சாப்பிட்டாரு, ரெண்டு தட்டு சாப்பிட்டாரு, மூணாந்தட்டையும் வழிச்சு நக்கிட்டாரு. நக்கிட்டு, "யம்மா, நாந்தான் இந்த நாட்டு ராசா. வர்ற பவுர்ணமிக்கு அரண்மனையில விருந்து, பக்கத்து நாட்டு ராசா வர்றாரு. நீ வந்து இதே கொழம்ப வைக்கணும். வச்சா நீ கேட்டதத் தாரேன்"னாரு.

மூக்காயிக்குத் தலைகால் புரியல. சடையாண்டிக்கு மட்டும் சோறு எறங்கல. நம்ம எடத்துக்கு இவ வந்துருவாளோன்னு அவனுக்கு வயித்தெரிச்சல்.

வெள்ளம் வடிஞ்சு ராசா போயிட்டாரு. நாலு நாள் கழிச்சு சடையாண்டி மட்டும் திரும்பி வந்தான். "ஏம்மா, ராசா உத்தரவு. நீ விருந்துக்கு வர வேணாமாம். பக்குவத்த மட்டும் எங்கிட்டச் சொல்லணுமாம்"னு கூசாமப் புளுகுனான்.

மூக்காயிக்கு மொகம் சுண்டிப்போச்சு. ஆனாலும், 'யாரு வச்சா என்ன, ராசா நல்லாச் சாப்பிட்டாச் சரி'ன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்ல ஆரம்பிச்சா.

"அண்ணே, மொதல்ல மொச்சைய முந்தின நாளே..."

"தெரியும் தெரியும்! மேல சொல்லு."

"புளிய மட்டும் மொச்சை வெந்த பெறகு..."

"தெரியும் தெரியும்! மேல சொல்லு."

"கடைசியா ஒரு கரண்டி எடுத்து..."

"அட, தெரியும் தெரியும்! நான் முப்பது வருசமாக் கரண்டி புடிக்கிறவன். எனக்கே சொல்ல வந்துட்டா!"

அதோட விட்டானா? மொச்சப் பானையவும் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு, இதுவும் ராசா உத்தரவுதான்னு சொல்லிட்டு நடையக் கட்டிட்டான்.

அடிப்பானை இருந்த எடம் வெறுசாக் கெடந்துச்சு. மூக்காயி அதப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தா. வந்தவனுக்குப் போட வீட்டுல ஒரு மொச்சை இல்லாம, அன்னைக்குத்தான் மொத மொதல்ல அவளுக்குக் கண்ணு கலங்குச்சு.

அப்ப அடுத்த வீட்டுக் கருப்பாயி வந்தா. நடந்ததக் கேட்டா. கேட்டுட்டு, "ஏக்கா, வர வேணாம்னு ராசா வாயால சொன்னாரா?"ன்னா.

"இல்ல, சமையக்காரருதான் சொன்னாரு."

"வான்னு சொன்னது யாரு?"

"அது ராசா வாயாலயே சொன்னாரு."

"அப்பப் பேசாமக் கெளம்பு. சமையக்காரன் பேச்சு உனக்கு எதுக்கு?"ன்னுட்டு, மடியிலருந்து ஒரு படி தட்டப்பயற எடுத்துக் குடுத்தா. எதுத்த வீட்டுல ஒரு படி கொண்டக்கடலை குடுத்தாக. கடைசி வீட்டுல ஒரு படி மொச்சை குடுத்தாக. மூக்காயி மூணையும் ஒண்ணாக் கலந்து, பவுர்ணமிக்கு முந்தின நாளே ஊறப்போட்டு, விடிஞ்சதும் பானையத் தலையில வச்சுக்கிட்டுக் கெளம்பிட்டா.

அங்க அரண்மனையில என்ன நடந்துச்சு? சடையாண்டி மொச்சைய ஊறப்போடல. காஞ்ச மொச்சைய அப்பிடியே சட்டியில கொட்டி, எடுத்த எடுப்புல புளியக் கரைச்சு ஊத்தி, பவுசுக்கு மேல முந்திரியும் குங்குமப்பூவும் தூவிட்டான். பந்தி போட்டாச்சு. வாழை எலையில ஊத்தியாச்சு. பாக்க அப்பிடியே தங்கமா மின்னுச்சு. பக்கத்து நாட்டு ராசா ஆசையா ஒரு வாய் அள்ளிப் போட்டாரு.

கடக்!

நம்ம ராசா ஒரு வாய் போட்டாரு.

கடக்!

ராணி ஒரு வாய் போட்டாக.

கடக்! அந்த மொச்சை பல்லுல பட்டுத் தெறிச்சு, நேராப் போயி பக்கத்து நாட்டு ராசா மூக்குல டங்குனு விழுந்துச்சு.

"ஏய்யா சடையாண்டி, இதென்ன கொழம்பா, கூழாங்கல்லா?"ன்னு ராசா போட்ட சத்தத்துல சடையாண்டிக்கு மீசை தொங்கிப்போச்சு.

"மகாராசா, என்மேல குத்தமில்ல. அந்தப் பொம்பள வர மாட்டேன்னுட்டா. பக்குவத்தையும் வேணும்னே தப்பாச் சொல்லிக் குடுத்துட்டா"ன்னு அழுகாத கொறையாச் சொன்னான்.

சொல்லி வாய மூடல, வாசக் காவக்காரன் ஓடியாந்து, "சாமி, கொறட்டிப்பட்டியிலருந்து ஒரு அம்மா பானையோட வந்து நிக்கிது"ன்னான்.

மூக்காயி உள்ள வந்தா. அம்புட்டுப் பெரிய சபைக்கு நடுவுல பானைய எறக்கி வச்சா. "சாமி, நான் மூணு பேச்சு சொன்னேன். மூணையும் பாதியிலயே தெரியும் தெரியும்னுட்டாரு. தெரிஞ்சவருக்கு மேல என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன். பெறகு எம் மொச்சப் பானையவும் உங்க உத்தரவுன்னு தூக்கிட்டு வந்துட்டாரு"ன்னா.

"நான் அப்பிடி உத்தரவு போடவே இல்லையே!"ன்னு ராசா சடையாண்டி பக்கம் திரும்புனாரு. "சரி, தெரியும்னியே, அந்த மூணையும் நீயே சொல்லு பாப்போம்."

சடையாண்டி மேல பாத்தான், கீழ பாத்தான், பக்கத்துல பாத்தான்.

மூக்காயி சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு அடுப்படிக்குப் போனா. அரண்மனைக் குசினியில ஆயிரம் சாமான் இருந்துச்சு. அவ எடுத்தது மல்லி, மிளகா வத்தல், சீரகம், மிளகு, கடுகு, வெந்தயம், வெங்காயம், பூண்டு, புளி, உப்பு, நல்லெண்ணெய், அம்புட்டுதான். பயறு மூணும் வெந்துச்சு, புளி ஊத்துனா, மசிச்சுப் போட்டா, வாசம் கெளம்பிருச்சு. பக்கத்து நாட்டு ராசா மூக்குல பட்ட அடிய மறந்து மூக்க உறிஞ்சிக்கிட்டே பந்தியில திரும்ப ஒக்காந்தாரு. ராணி மூணு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாக. ஈட்டி புடிச்சு நின்ன காவக்காரனுக்கும் ஒரு எலை போட்டா மூக்காயி.

"கேளும்மா, என்ன வேணும்? பொன்னா, பூமியா?"ன்னு ராசா கேட்டாரு.

"பொன்ன வச்சு நான் என்ன சாமி செய்யப்போறேன்? மழை வந்தா எங்கூருக்கு வழியே இல்ல. ஆத்து மேல ஒரு பாலம் கட்டிக் குடுங்க. வர்றவுக நனையாம வரட்டும்"னா.

"கட்டிரலாம்!"னு ராசா சொல்லவும், பக்கத்து நாட்டு ராசாவும், "கல்லு நான் தாரேன், கொழம்புக்கு நானும் வரணும்ல"ன்னாரு. பாலம் தை மாசத்துலயே கட்டி முடிச்சாக.

சடையாண்டிக்கு என்ன தண்டனைன்னு கேக்குறியா? ராசா அவன அடிக்கல, ஊர விட்டு வெரட்டல. மூக்காயிகிட்டப் பறிச்ச பானைக்கு மூணு பானை மொச்சை திருப்பிக் குடுக்க வச்சாரு. பெறகு அவன் வச்ச சட்டியவே அவன் முன்னால வச்சு, "இது வெந்து மசியிற வரைக்கும் அடுப்ப விட்டு எந்திரிக்கப்படாது"ன்னுட்டாரு.

புளி ஊத்துன மொச்சை எங்கிட்டு வேகும்? ஒரு நாள் ஊதுனான், கடக். ரெண்டு நாள் ஊதுனான், கடக். மூணு நாள் ஊதுனான், மீசை கருகிருச்சு, மொச்சை அப்பவும் கடக். அந்தப் பக்கமாப் போற பிள்ளைக எல்லாம், "சடையாண்டி மாமா, வெந்துருச்சா?"ன்னு கேட்டாக்க, "வெந்துரும் வெந்துரும், எனக்குத் தெரியும்"னு பொகைக்குள்ள இருந்து சத்தம் வருமாம்.

சட்டி அங்க கெடக்கட்டும், கதை இங்க எறங்கியாச்சு. சொல்றத முழுசாக் கேட்டவுக வயிறு நெறைஞ்சுச்சு, பாதியில தெரியும்னவன் இன்னும் அடுப்பூதுறான்.