உப்புப் பார்த்த ராஜா

முன்னொரு காலத்திலே ஆவாரங்காட்டு நாட்டை வீரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஏது என்று குறுக்கே கேட்காதீர்கள். அவர் அரண்மனையில் இருந்தது, அவ்வளவுதான்!

ராஜா நல்லவர், ஆனால் முன்கோபி. குறையுள்ள வேலையை யார் கொண்டுவந்து காட்டினாலும் தலையில் கல்லை ஏற்றி வெயிலில் நிறுத்திவிடுவார். ஏரி மதகு எப்போது திறக்கும் என்று விவசாயிகளுக்குச் சொல்ல ஒரு மென்பொருள் கேட்டிருந்தார். திட்டத் தலைவர் அகோரமூர்த்தி ஒரு வருஷம் திட்டம் போட்டார், இன்னொரு வருஷம் எழுத வைத்தார். கடைசியில் திறந்து பார்த்தால் அது ஒருத்தருக்கும் உதவவில்லை.

"போதுமய்யா உம்ம திட்டம்! இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பௌர்ணமிதோறும் காட்டுங்கள். தப்பிருந்தால் அப்போதே திருத்தலாம்" என்றார் ராஜா.

அகோரமூர்த்தியும் தினம் காலையில் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து, "ஏதாவது பிரச்சினையா?" என்று முறைப்பார். "ஒன்றுமில்லைங்க" என்பார்கள். பௌர்ணமிக்கு ராஜாவிடம் போய், "பிரமாதம் மகாராஜா!" என்பார். முறை புதுசு, பயம் பழசு. வேறென்ன நடக்கும்?

மந்திரி தாண்டவராயருக்குச் சந்தேகம் வந்தது. மென்பொருள் எழுதும் குழுவின் தலைவி செண்பகவல்லியைத் தனியே கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லும்மா" என்றார்.

அவள் கண் கலங்கிவிட்டது. "மேல்மடை நேரமும் கீழ்மடை நேரமும் மாறி விழுதுங்கய்யா. இப்படியே போனா நட்ட நாத்தெல்லாம் அடுத்த வாரம் முழுகிடும். சொன்னா எங்க தலையிலே கல்லு."

மறுநாள் சபையில் மந்திரி ஆரம்பித்தார். "மகாராஜா, உங்கள் கையால் வத்தக்குழம்பு சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு!"

சமையலைப் புகழ்ந்தால் ராஜாவுக்குத் தலைகால் புரியாது. சபையே சமையற்கட்டுக்குப் போனது; செண்பகவல்லியும் அவள் குழுவும்கூடப் போனார்கள். குழம்பு கொதிக்கும்போது மந்திரி கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஆறவைத்து அகோரமூர்த்தியின் உள்ளங்கையில் விட்டார்.

"அமிர்தம்! எள்ளளவும் குறையில்லை!"

ராஜாவும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். முகம் கோணியது. "யோவ், நான் இன்னும் உப்பே போடலையே!"

"காவலர்களே, கல்லைக் கொண்டு வாருங்கள்!" என்று கத்தினார் மந்திரி.

"யார் தலைக்கு?"

"தங்கள் தலைக்குத்தான். குறையுள்ள குழம்பைச் சபைக்கே காட்டிவிட்டீர்களே!"

"அடுப்பிலே கொதிக்குதய்யா! இப்போ ருசி பார்த்தால்தானே உப்புப் போட முடியும்?"

"அதைத்தான் மகாராஜா, இந்தப் பிள்ளைகள் உங்களிடம் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள்!"

என்ன துணிச்சல் பாருங்கள் அந்த மனுஷனுக்கு! ராஜா கரண்டியைக் கீழே வைத்தார். "தப்பு என்மேல்தான். இனி அந்தத் தண்டனை கிடையாது. சொல்லும்மா, என்ன குறை?"

செண்பகவல்லி மடை நேரம் மாறி விழுவதைச் சொன்னாள். ராஜா பதறிப்போய், "நல்லவேளை, நாற்று பிழைத்தது!" என்று தன் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். மந்திரியை அப்படியே கட்டிக்கொண்டார்.

மாலையைப் பார்த்த அகோரமூர்த்தி முண்டியடித்து முன்னால் வந்தார். "மகாராஜா, என்னிடமும் ஏகப்பட்ட குறை இருக்கிறது!"

"அது மட்டும்தானய்யா நீர் இதுவரை சொன்ன உண்மை!" என்றார் ராஜா.