குறுக்குக் கோடும் குள்ள மன்னரும்

முன்னொரு காலத்தில் செங்குன்ற நாட்டை இளவெயினர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். போரில் புலி, ஆனால் ஆள் குள்ளம். அவருடைய பாட்டனார் கட்டிய அவையோ யானை புகும் அளவு பெரியது. உள்ளே வருகிறவர்கள் தூண்களைப் பார்ப்பார்கள், விளக்குகளைப் பார்ப்பார்கள், மன்னரைத் தேடுவார்கள்.

ஒருநாள் அயல்நாட்டுத் தூதர் ஒருவர், ஆறடி உயரமும் கழுத்து நிறைய நகையுமாக நின்ற திருமேனி ராயரை மன்னர் என்று நினைத்து வணங்கிவிட்டார். அவைப் பெரியவரான ராயரும் அந்த வணக்கத்தைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

மன்னருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அரியணையை உயர்த்தலாம் என்றார் ராயர். உயர்த்தினார்கள். மன்னர் கொடிமரத்தில் குந்திய குருவிபோல இன்னும் சிறுத்துப் போனார்.

அமைச்சர் கூத்தனார் அரியணையைப் பழையபடி இறக்கச் சொன்னார். பின்சுவர் முழுவதும் வெள்ளையடித்து, கூரையின் இரண்டு மூலைகளிலிருந்தும் இரண்டு பட்டைச் சிவப்புக் கோடுகளைச் சாய்வாக இறக்கினார். அவை மன்னரின் தலைக்கு நேர் பின்னே ஒன்றையொன்று வெட்டிக் கடந்து தரையைத் தொட்டன.

ராயர் மன்னரின் காதருகே குனிந்தார். "அரசே, ஓலையில் பிழையான சொல்லை இப்படித்தான் குறுக்கே கீறி அடிப்பார்கள். அமைச்சர் தங்களையே அடித்துவிட்டார்."

மன்னரின் முகம் கறுத்தது. கோட்டுக்கு நியாயம் காட்ட வேண்டும், இல்லையேல் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று கூத்தனாருக்கு ஆணையிட்டார்.

கூத்தனார் அசரவில்லை. மறுநாள் வரவிருந்த கடல்நாட்டுத் தூதர் மன்னரைக் கண்டதே இல்லை. மன்னர் முடியில்லாமல், வெறும் வேட்டியுடன் அதே இடத்தில் ஒரு முக்காலியில் அமரட்டும், ராயர் அரச நகைகளை அணிந்து அவையில் விரும்பிய இடத்தில் அமரட்டும் என்றார். ராயருக்குக் கொண்டாட்டம். பொன்விளக்கின் அடியில் போய் அமர்ந்தார்.

தூதர் வந்தார். ராயரின் மினுமினுப்பைக் கண்டு அந்தப் பக்கம் திரும்பினார். அதற்குள் தூதரின் பார்வை சுவரின் கோட்டில் ஏறியது. கோடுகள் சந்தித்த இடத்தில் நின்றது. நேராக நடந்து வந்து வேட்டிக்காரரை வணங்கினார்.

எப்படி அறிந்தீர் என்று மன்னர் கேட்டார்.

"எங்கே பார்த்தாலும் ஒரு கோடு என் கண்ணைக் கைப்பிடித்து இங்கே கொண்டுவந்து விட்டது. வந்தபிறகு தங்கள் கண்களைப் பார்த்தேன். அதற்குமேல் முடி எதற்கு?" என்றார் தூதர்.

மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூத்தனார் சொன்னார்: "எழுத்தின்மேல் கோடு விழுந்தால் அது அடித்தல், அரசே. இங்கே கோட்டின்மேல் வீற்றிருப்பவர் தாங்கள்."

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குச் சூட்டினார். அந்தக் குறுக்குக் கோடுகளையே நாட்டுக் கொடியில் தீட்டச் சொன்னார். விழா நாளில் கொடியை ஏந்தும் பணியை, உயரமானவர் என்பதால், ராயருக்கே தந்தார்.

வீதி முழுக்கக் கூட்டம் நின்று கொடியைப் பார்த்து ஆர்ப்பரித்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனவரை ஒருவரும் பார்க்கவில்லை.