பாறை இடுக்கும் மொக்கையனின் தொப்பையும்

பலாமரங்கள் சூழ்ந்த ஒரு குளக்கரையில் மொக்கையன் என்ற கரடி இருந்தது. முன்பெல்லாம் அது தன் தோழி முள்ளம்பன்றி வெள்ளையம்மாளோடு கோடைதோறும் மலைச்சுனைக்குப் போகும். வழியெல்லாம் கரையான் புற்றைத் தோண்டும், ஊர்வம்பு பேசும். அடடா, என்ன நாட்கள் அவை! சுனைக்குப் போக ஒரே வழி, ஒரு பாறை இடுக்குதான்.

பிறகு மொக்கையன் பலாப்பழத்தில் ருசி கண்டது. தின்றது, படுத்தது, மறுபடி தின்றது. தொப்பை விழுந்தது. சுனைப் பயணமும் நின்றது.

இந்த வருஷம் மழை இல்லை. குளம் வற்றத் தொடங்கியது. மொக்கையன் இடுக்கில் நுழைந்து பார்த்தது. தொப்பை சிக்கிக்கொண்டது! வெள்ளையம்மாள் எதிரில் நின்று முள்ளால் ஒரு குத்துக் குத்தியது. "ஐயோ!" என்று கரடி பின்னால் துள்ளி விழுந்தது.

"குளம் வத்துறதுக்குள்ள இளைக்கணும் புள்ள! இல்லேன்னா தாகத்துலயே செத்தேன்!"

மறுநாள் காலை மான் மாதிரி பாய்ந்து ஓடியது. பக்கத்து ஆலமரம் வரைதான்! நாக்குத் தள்ளப் படுத்துக்கொண்டது. "இவ்வளவு ஓடினேனே, ஒரு முழுப் பழம் தின்னா என்ன?" என்று தின்றது. தினமும் இதே கூத்து. இளைக்கவா செய்யும்? இன்னும் பெருத்தது!

வெள்ளையம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கொஞ்ச நேரம் தலைதெறிக்க ஓடிட்டு நாளெல்லாம் படுத்துக் கிடந்தா கொழுப்பு எப்படிண்ணே கரையும்? வா, பழையபடி நடப்போம்! நடக்கையில பேச முடியணும், ஆனா மூச்சு வாங்கிப் பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். மேட்டுல மட்டும் விரசா ஏறு. புற்றைத் தோண்டு, தோள் உரமாகும்."

"பழம்?"

"ரெண்டு சுளை. அதுக்கு மேல கை வச்சா முள்ளு!"

"எனக்காக ஏன் புள்ள இவ்வளவு பாடு?"

"போன கோடையில தனியாத்தான் சுனைக்குப் போனேன். தண்ணி தொண்டையில இறங்கலண்ணே!"

மொக்கையன் அழுதே விட்டது.

அன்றிலிருந்து இரண்டும் நாள் தவறாமல் நடந்தன. பழைய பாதை, பழைய கதைகள். ஒவ்வொரு வளைவிலும் ஏதோ ஒன்று ஞாபகம் வந்து சிரித்தன. தொப்பை மெல்ல மெல்லக் கரைந்தது.

குளம் சேறாகிப் போன அன்று மொக்கையன் மூச்சை இழுத்துப் பிடித்து இடுக்கில் நுழைந்தது. இரண்டு பக்கமும் ரோமம் உரசியது. ஆனாலும் உடம்பு அந்தப் பக்கம் போய்விட்டது! இரண்டும் சுனையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வயிறாரத் தண்ணீர் குடித்தன.

ஒரு பாய்ச்சல் ஓடிவிட்டு, ஓடிக் கரைத்ததற்கு மேல் தின்பவர் இளைப்பதில்லை. அளவாகத் தின்று, நாள் தவறாமல் நடந்து உழைப்பவரே இளைப்பார்.