சந்தனம் வைத்த இன்ஹேலர்

பரிபூரண அடிகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மடத்தில் எங்கே போனாலும் இடுப்பு மடிப்பில் இன்ஹேலர் இருக்கும்.

சீடர் குழந்தைவேலு அவரைவிட மூத்தவர். வெல்ல மண்டியை மகனிடம் விட்டுவிட்டு உபதேசம் வாங்க வந்தவர். வந்த நாள் முதல் காத்துக் கிடந்தார். ஆயுத பூசையன்று காலையில் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"சாமி, எனக்கு எப்போ உபதேசம்?"

அடிகள் இன்ஹேலரை நீட்டினார்.

"மருந்துக் குப்பியை உருவி வச்சிட்டு, கூட்டை மட்டும் வெந்நீர்ல கழுவிக் காயவச்சுக் கொண்டாங்க."

குழந்தைவேலுவுக்குச் சுருக்கென்றது. கேட்டது என்ன, கிடைத்தது என்ன! குருவின் மூச்சுப் பட்ட பொருளைக் குழாயடியில் போட்டுத் தேய்ப்பதா என்று தமக்கே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

பூசையில் அரிவாள்மணையும் சாவிக்கொத்தும் வரிசையாக இருந்தன. அவற்றோடு இன்ஹேலரையும் கழுவாமலே வைத்தார். சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து அதன் வாயில் இட்டு, குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டார்.

சாம்பிராணிப் புகை மண்டியது. அடிகளுக்கு இழுக்கத் தொடங்கியது. பேச்சு வரவில்லை, கை மட்டும் நீண்டது.

குழந்தைவேலு ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார். அடிகள் அழுத்தினார். மருந்து வரவில்லை. மறுபடி அழுத்தினார். உள்ளே வழிந்த சந்தனம் துளையில் காய்ந்து இறுகியிருந்தது.

அடிகளின் உதடு நீலம் பாரித்தது. குழந்தைவேலு இன்ஹேலரைப் பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினார். குப்பியை உருவினார். வெந்நீரில் கூட்டை அலசி, துளை தெரியும்வரை நீரை ஓடவிட்டு, உதறி, குப்பியைச் செருகிக் குலுக்கினார். காற்றில் அழுத்திப் பார்த்தார். சீறியது. அடிகளின் வாயில் வைத்தார்.

ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு வந்து காலடியில் உட்கார்ந்தார். மூச்சு நிதானப்பட வெகுநேரம் ஆயிற்று. அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

"சொன்னதைச் செய்யாம உங்களைக் கொல்லப் பார்த்தேன், சாமி. இனிமே உபதேசம் கேக்க எனக்கு வாயில்லை."

அடிகள் ஈரமாயிருந்த அந்தக் கூட்டை அவர் கையிலேயே வைத்தார்.

"காலையிலேயே கொடுத்துட்டேனே, ஐயா. நீங்க இப்பத்தான் வாங்கிக்கிட்டீங்க."