கிரேன்காரர் தூக்கிய கார்

நாற்பது டன் இரும்பைத் தூக்கி, சத்தமே கேட்காமல் தரையில் இறக்கி வைத்தவன் நான். முப்பத்தோரு வருஷம் ஒரு பாய்லர் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினேன். சந்தியாகு தூக்கினால் தூக்கினது பாரத்துக்கே தெரியாது என்று மேனேஜர்களே சொல்வார்கள். பெருமைதான். இல்லை என்று நடிக்க மாட்டேன்.

அப்படிப்பட்டவனை, ஒரு டன் காரைத் தூக்கக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று கிளாசுக்கு அனுப்பினாள் என் மனைவி பிலோமினா.

ரிட்டயரான பிறகு காருக்கு நானே வீட்டில் ஆயில் மாற்றலாம் என்று ஆசைப்பட்டேன். சும்மா இருக்கிற கைக்கு ஒரு வேலை வேண்டுமே. ஆனால் அந்தச் சமயம் பார்த்து எங்கள் வீட்டுக்கு மூன்றாவது தெருவில் ஒருத்தர் காருக்கு அடியில் படுத்திருந்தபோது ஜாக்கி சாய்ந்துவிட்டது. விலா எலும்பு நாலு போச்சு. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்த பிலோமினா கறாராகச் சொல்லிவிட்டாள். காட்டூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிற ஹசீனா, ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த வண்டிக்காரர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறாளாம். அவள் வந்து பார்த்துச் சரி என்று சொல்லாமல் நான் வண்டிக்கு அடியில் தலையை நீட்டினால், தான் அந்த வீட்டில் இருக்கப் போவதில்லையாம்.

சொன்னால் செய்கிறவள். போனேன்.

ஹசீனாவுக்கு முப்பத்திரண்டு வயசு இருக்கும். என் வயசில் பாதி. டீச்சர் என்று கூப்பிட்டேன், கிண்டலாகத்தான். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

முதல் ஞாயிறு ஜாக்கியைத் தொடவே விடவில்லை. தரையைப் பார்க்கச் சொன்னாள். ஹேண்ட்பிரேக் போடச் சொன்னாள், கியரில் நிறுத்தச் சொன்னாள், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கச் சொன்னாள். எனக்குக் கொட்டாவி கொட்டாவியாக வந்தது. வீட்டுக்கு வந்து, இது கிளாசா இல்லை பூமி பூஜையா என்று பிலோமினாவிடம் புலம்பினேன்.

இரண்டாம் ஞாயிறு என் காரிலேயே செய்து காட்டச் சொன்னாள். ஆயில் அழுத்தத்தில் தூக்குகிற என் ஜாக்கியைக் கொண்டு போயிருந்தேன். செகண்ட்ஹேண்டில் வாங்கியது. சரியான இடத்தில் வைத்து, பதினைந்து அழுத்தில் முன்பக்கத்தைத் தூக்கினேன். ஒரு உலுக்கல் இல்லை, ஒரு முனகல் இல்லை. யாராவது கை தட்டுவார்களா என்று சுற்றிப் பார்த்தேன். கூட வந்திருந்த மூன்று பேரும் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாக்கை விரித்துக் குனிந்தேன். ஹசீனா குறுக்கே கையை நீட்டினாள்.

"ஸ்டாண்டு எங்க ஐயா?"

வண்டிக்கு அடியில் நிறுத்துகிற முக்காலி மாதிரியான இரும்பு ஸ்டாண்டைத்தான் கேட்டாள். ஷெட்டில் ஒரு மூலையில் வரிசையாக இருந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை. கிரேன் கொக்கியில் பாரம் தொங்கும்போது அதற்குக் கீழே யாராவது மேஜை போடுவார்களா? கிரேன்காரனுக்கு அவன் கொக்கிதான் சாமி.

"எது தூக்குதோ அதுவே தாங்கும் டீச்சர். முப்பத்தோரு வருஷமா பாத்துட்டேன்."

அவள் வாதாடவில்லை. சாப்பாடு கொண்டு வந்திருக்கிறேனா என்று கேட்டாள். இதென்ன சம்பந்தமில்லாமல் என்று நினைத்துக்கொண்டே டிபன் பாக்ஸைக் கொடுத்தேன். பிலோமினா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சோறு. ஹசீனா ஸ்டெப்னி டயரை உருட்டி வந்து வண்டிக்கு அடியில் படுக்க வைத்தாள். அதன் மேல் மரப்பலகை ஒன்று. பலகைக்கு மேல் என் டிபன் பாக்ஸ். மூடிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடம் இருந்தது.

எல்லாரையும் வெளியே வரச் சொல்லி ஷெட்டின் ஷட்டரை இறக்கினாள். "வாங்க ஐயா, டீ சாப்ட்டு வருவோம்."

டீக்கடையில் நான் பேசினேன், அவள் கேட்டாள். ஒரு தடவை மழைக்காற்றில் பாய்லர் டிரம்மைத் தூக்கி, அது ஊஞ்சலாடாமல் கொண்டுபோய் இறக்கிய கதையைச் சொன்னேன். காற்று திசை மாறினால் என்ன செய்வீர்கள் என்று நடுவில் நல்ல கேள்வி கேட்டாள். எனக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. ஒருவழியாக நம் அருமை இவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

திரும்பி வந்து அவள் ஷட்டரைத் தூக்கினாள். பார்வைக்கு வண்டி அப்படியே இருந்தது. ஜாக்கியும் நேராகத்தான் நின்றது, கழுத்தில் மட்டும் கொஞ்சம் ஆயில் கசிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். டிபன் பாக்ஸ் மூடி உள்ளே அமுங்கிக் கிடந்தது. ஓரத்தில் சோறு பிதுங்கியிருந்தது.

பாக்ஸ் இருந்த இடம் நான் நெஞ்சை வைத்திருக்க வேண்டிய இடம்.

"எப்ப இறங்குச்சு டீச்சர்?"

"நாம பேசிட்டிருந்தப்போ."

அன்றைக்குத் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பிலோமினா திட்டுவாள் என்று பார்த்தால், என் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் பயந்துதான் போயிருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு காலையில் வேறு ஜாக்கியோடு போனேன். தூக்கி, ஸ்டாண்டு வைத்து, இறக்கி, மறுபடி முதலிலிருந்து. பதினோரு தடவை. மூன்று தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன், ரோஷப்படவில்லை. இப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன், ஆனால் அதில் கிண்டல் இல்லை.

நாலாம் ஞாயிறு ஹசீனா எங்கள் வீட்டுக்கே வந்தாள்.

போர்ட்டிகோவில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினேன். கேட்டைப் பார்த்து ஓடியது. மழைத் தண்ணீர் வடிய வாட்டம் வைத்துக் கட்டிய தரை அது. காரை வீட்டுக்குப் பக்கவாட்டில் துணி காயப்போடும் சிமெண்டுத் தரைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தேசிகன் எட்டிப் பார்த்து, ஸ்டாண்டெல்லாம் எதற்கு, நாலு செங்கல் போதுமே, தரட்டுமா என்றார். துளசி மாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஹேண்ட்பிரேக், கியர். பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. ஜாக்கியை வைத்துத் தூக்கினேன். இரண்டு பக்கமும் ஸ்டாண்டை நிறுத்தி, அதன் பூட்டுப் பின்னைச் செருகி, பாரத்தை மெதுவாக அதன் மேல் இறக்கினேன். ஸ்டாண்டும் தவறினால் தாங்கட்டும் என்று ஸ்டெப்னியை உள்ளே தள்ளினேன். பிறகு தோளைக் கொடுத்து வண்டியை நன்றாகத் தள்ளி ஆட்டினேன். அசையவில்லை. குனிந்து ஸ்டாண்டின் கால்களைப் பார்த்தேன். மறுபடியும் ஆட்டினேன்.

ஹசீனா ஒரு மணி நேரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிலோமினா அடுக்களை வாசலில் கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "சரியா இருக்கா டீச்சர்?"

அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். சாக்கை எடுத்து விரித்தாள். மல்லாக்கப் படுத்து, வண்டிக்கு அடியில் போய்விட்டாள். இரண்டு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது.

என்னமோ நான்தான் தாங்கப் போகிறவன் மாதிரி பம்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"வெளிய வந்துடுங்க டீச்சர். முப்பத்தோரு வருஷத்துல, நான் தூக்கினதுக்குக் கீழ ஒரு ஆளை நிக்க விட்டதில்ல."

அடியிலிருந்து குரல் வந்தது.

"அதனாலதான் ஐயா படுத்தேன்."