மிளகு யார் வீட்டுப் பூனை?

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், பூனைகளுக்கு இன்றைக்கு இருக்கிற திமிரில் பாதிதான் இருந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் சொல்லிக் கதையை ஆரம்பிக்கக் கூடாது. அன்றைக்கும் இதே திமிர்தான். அந்தக் காலத்தில் வேங்கைவாடி என்று ஒரு நாடு. அதன் தலைநகரத்தில், கோட்டைச் சுவரை ஒட்டிய பால்காரத் தெருவில், காத்தாயி என்று ஒரு தயிர்க்காரி தனியாக இருந்தாள்.

தயிர் விற்கிறவள் பூனை வளர்க்கலாமா? கூடாது. காத்தாயி இரண்டு வளர்த்தாள்.

மூத்தது குண்டான். செவலை நிறம், பெயருக்கேற்ற உடம்பு. வெயிலில் காயப்போட்ட வடாத்தின் மேல்தான் படுக்கும். பக்கத்திலேயே சாக்கு விரித்துக் கொடுத்தாலும் அதில் படுக்காது. இளையது மிளகு. கன்னங்கரேலென்று ஒரு பிடிதான் இருக்கும். விளிம்பில் எதைக் கண்டாலும் தள்ளிவிடுவது அதன் தொழில். செம்பு இருந்தால் செம்பைத் தள்ளும், அகல் இருந்தால் அகலைத் தள்ளும். அதுவும் நைசாக இல்லை. காத்தாயியின் கண்ணை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே, முன்னங்காலால் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும்.

இது போதாதென்று கொல்லைப்புறத்துக்கு அழைக்காத விருந்தாளிகள் வேறு. காலையில் முருங்கை மரத்து அணில் வந்து, பூவையெல்லாம் உதிர்த்துப் பூனைகளின் தலையில் போடும். உச்சிவேளையில் கீரி வந்து குண்டானின் சோற்றைத் தின்றுவிட்டுப் போகும். வெயில் தாழ்ந்ததும் செம்போத்துப் பறவை ஒன்று, மணியக்காரர் வரப்பைப் பார்வையிடுவதுபோல் வேலியோரம் நடந்து வந்து, பூனைத் தண்ணீரைக் குடிக்கும்.

காத்தாயி எல்லோரையும் திட்டிக்கொண்டே இருப்பாள். மிளகு கூப்பிட்டால் வராது. திட்டினால் மட்டும் ஒன்று செய்யும். முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு வாலை நக்கும். ஆனால் தினமும் விடிவதற்குள் காத்தாயியின் கால் பெருவிரலைக் கடித்து எழுப்புவதும் அதே மிளகுதான். அதனால் அவளுக்குக் கறவை நேரம் ஒருநாளும் தப்பியதில்லை.

இப்போது அரசனுக்கு வருவோம். பெயர் மகுடவர்மன். கெட்டவன் என்று சொல்ல முடியாது, பயந்தாங்கொள்ளி. தன் மேல் எந்தப் பழியும் விழக்கூடாது அவனுக்கு. பாயசம் அடிப்பிடித்தால் அடுப்பின் தப்பு. குதிரை இடறினால் பாதையின் தப்பு. ஒருநாள் யாரோ வீட்டுப் பூனை அரண்மனைக்குள் புகுந்து, அவன் பட்டுத் தலைப்பாகைக்குள் நாலு குட்டி போட்டுவிட்டது. அரசன் அலறிய அலறல் ஊருக்கே கேட்டது.

அந்த அலறலைக் கேட்டு வந்து சேர்ந்தவன்தான் சூளைமாயன். மண் நிற உடம்பு, கையில் எப்போதும் ஒரு உருண்டை ஈரக் களிமண். "அரசே, ஊரில் சேட்டை செய்யும் பிராணி ஒன்றுகூட இல்லாமல் செய்கிறேன். தங்கள் பெயர் கெடாது. ஒரு சட்டம் மட்டும் போடுங்கள்" என்றான்.

மறுநாள் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டார்கள். சேட்டை செய்கிற பிராணி எந்த வீட்டுடையதோ அந்த வீட்டார் நாட்டை விட்டே போக வேண்டும்! தெருமுனைக்குத் தெருமுனை சூளைமாயன் களிமண்ணால் ஒரு காது செய்து ஒட்டி வைத்தான். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. அரசன்கூடக் கேட்கவில்லை.

அந்த வாரமே பக்கத்து வீட்டுச் சொர்ணம் வந்து நின்றாள்.

"காத்தாயி, உன் பூனை என் நெய்க்கிண்ணத்தை வழிச்சு நக்கிட்டுப் போயிருக்குடி!"

காத்தாயி தெருமுனையைப் பார்த்தாள். தண்டோரா ஞாபகம் வந்தது. "ஐயோ அக்கா, அது எங்க வீட்டுப் பூனை இல்லை" என்றாள். மிளகு அவள் காலடியில் உட்கார்ந்து மீசையில் இருந்த நெய்யைத் துடைத்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சொர்ணத்தின் ஊறுகாய் ஜாடி சுவரிலிருந்து விழுந்து உடைந்தது. "அது எங்க வீட்டுப் பூனை இல்லை அக்கா" என்றாள் காத்தாயி. சொர்ணத்துக்கும் விஷயம் புரியும். அவளே தன் நாய் சடையனைப் பற்றி யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்லி வந்தாள். கொஞ்ச நாளாகச் சடையனைக் காணவும் இல்லை.

மூன்றாவதாக வந்தவன் அரண்மனைக் காவலன். "அரசரோட பாயசக் கிண்ணத்தை ஒரு கறுப்புப் பூனை தள்ளிவிட்டிருக்கு. இதோ உட்கார்ந்திருக்கே, இது யாருது?"

காத்தாயி குனிந்து பார்த்தாள். மிளகு நிமிர்ந்து பார்த்தது. வீடு, இரண்டு பசு, முருங்கை மரம், எல்லாம் கண் முன்னே வந்து போயின.

"யாரு கண்டா? தெருப் பூனையா இருக்கும். என்னுது இல்லை" என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை. மிளகின் வால் விறைத்தது, காது விறைத்தது, கறுப்பு வெளுத்துச் சாம்பலானது. பூனை இருந்த இடத்தில் ஒரு மண் பொம்மை இருந்தது. அடுத்த கணம் அதுவும் மறைந்துபோனது.

மறுநாள் காலை காத்தாயியின் பெருவிரலை யாரும் கடிக்கவில்லை. அவள் எழுந்தபோது வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. கன்றுக்குட்டி பால் முழுவதையும் குடித்துவிட்டிருந்தது. காத்தாயி விரலைப் பார்த்தாள். பழைய கடித்தடம் ஒன்று ஆறாமல் இருந்தது. ஓவென்று அழுதாள்.

"அழுதது போதும்" என்றது ஒரு குரல். முருங்கைக் கிளையில் அணில்.

"உனக்குப் பேச வருமா?"

"வரும். உங்ககிட்ட பேசி என்ன ஆகப்போகுதுன்னு இத்தனை நாள் பேசலை. இப்பக் கேளு. அந்த மண் காதுல மூணு தடவை 'என்னுது இல்லை'ன்னு விழுந்தா, அந்தப் பிராணி பொம்மையாகி மாயன் அலமாரிக்குப் போயிடும். ஒரு பொம்மைக்கு அவனுக்கு ஒரு வருஷம் ஆயுசு கூடும். உன் கீரியும் செம்போத்தும் நேத்தே போயாச்சு. எங்களுக்கு மூணு தடவைகூட வேண்டாம். சொந்தம்னு சொல்லத்தான் யாருமே கிடையாதே."

"மிளகை மீட்க வழி இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு."

"மறுத்த அதே வாயால, அரசன் சபையில, மாயன் முகத்துக்கு நேரா, மூணு தடவை 'என்னுதுதான்'னு சொல்லணும்."

"சொன்னா நாட்டை விட்டுத் துரத்துவாங்களே."

"துரத்துவாங்க" என்றது அணில்.

காத்தாயி முகத்தைத் துடைத்தாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். பசுக்களை அவிழ்த்துச் சொர்ணத்தின் கையில் கயிற்றைக் கொடுத்தாள். "அக்கா, நான் திரும்பி வரலைன்னா இதுங்களைப் பார்த்துக்க. உன் நெய்யை நக்கினது என் பூனைதான். உன் ஜாடியை உடைச்சதும் அதுதான். உன்கிட்ட பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்க." சொர்ணம் வாயைப் பிளந்து நின்றாள். காத்தாயி குண்டானை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அணிலைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பட்டப்பகலில் நடுத்தெருவில் கோட்டையைப் பார்த்து நடந்தாள். அவள் போன போக்கைப் பார்த்துத் தெருவே பின்னால் கிளம்பியது.

சபைத் தூணிலும் ஒரு மண் காது. அரசனுக்குப் பக்கத்தில் சுவர் நீளத்துக்கு ஆளுயர அலமாரி. அதில் வரிசை வரிசையாக மண் பொம்மைகள். பூனை, நாய், கிளி, ஆடு, காக்கை. எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

"என் பூனையை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்" என்றாள் காத்தாயி.

சூளைமாயன் சிரித்தான். "இங்கே முந்நூறு பூனை இருக்கிறது. உன்னுடையது எது? ஒரே தடவைதான் கேட்பேன். தப்பாகக் காட்டினால் நீயும் இதே அலமாரியில் ஏறுவாய்."

காத்தாயி பார்த்தாள். முந்நூறும் ஒரே மாதிரி இருந்தன. கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், மிளகு எந்தக் காலத்தில் கூப்பிட்டு வந்தது? அவள் இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏண்டி திருட்டுக் கழுதை! நெய் திருடி! ஊரு முழுக்க எனக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டு இங்க வந்து சொகுசா உட்கார்ந்திருக்கியா? மூஞ்சியப் பாரு! விடிஞ்சு எத்தனை நாழி ஆச்சு, எழுப்பத் துப்பில்லை உனக்கு!"

சபையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அலமாரியின் நாலாவது தட்டில், கடைக்கோடியில், ஒரு மண் பூனை கரகரவென்று திரும்பி எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

"அதோ, அந்தத் திமிர் பிடிச்சதுதான்!" காத்தாயி பாய்ந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மாயனின் முகம் கறுத்தது. "யோசித்துச் சொல், பெண்ணே. பக்கத்து வீட்டு நெய்யைத் திருடிய பூனை இது. இதுவா உன்னுடையது?"

"என்னுதுதான்! நெய் மட்டுமில்லை, வெண்ணெயும் திருடும்."

பொம்மையின் காது கறுத்தது.

"ஜாடியை உடைத்த பூனை. இதுவா உன்னுடையது?"

"என்னுதுதான்! ஜாடி ஒண்ணு. பானை ஏழு. என் பாட்டன் காலத்துக் கல்சட்டி ஒண்ணு. அதெல்லாம் உனக்குத் தெரியாது, நான் சொல்றேன், எழுதிக்க."

பொம்மையின் வால் கறுத்தது.

"அரசருடைய பாயசத்தைத் தள்ளிய பூனை! ஒப்புக்கொண்டால் இன்று பொழுது சாய்வதற்குள் நீ நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டும். வீடு போகும், மாடு போகும். இதுவா உன்னுடையது?"

காத்தாயிக்குப் பயமில்லாமல் இல்லை. ஆனால் பெருவிரல் வலித்தது.

"என்னுதுதான். பயந்துபோய் மூணு தடவை இல்லைன்னு சொன்னேன், அதுக்கு நான்தான் வெட்கப்படணும். என்னைத் துரத்துங்க. நானும் போறேன், என் பூனையும் என்கூட வரும்."

மிளகு அவள் கையில் நெளிந்தது. கறுப்பாக, சூடாக, உயிரோடு நெளிந்தது. முதல் வேலையாக, கால் பெருவிரல் எட்டாததால் அவள் கைக் கட்டைவிரலைக் கடித்தது.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கத்தல். "அந்தச் சடையன் என்னுதுதான்! செருப்புக் கடிக்கிற நாய்தான், ஆனா என் நாய்!" மாட்டுக் கயிறும் கையுமாகச் சொர்ணம். அவள் மூன்று தடவை கத்தியதும் ஊரும் பிடித்துக்கொண்டு ஆளுக்கு மூன்று தடவை கத்தியது. அந்த ஆடு என்னுதுதான். அந்தக் கெட்ட வார்த்தை பேசுகிற கிளி என்னுதுதான். அலமாரியிலிருந்து குரைப்பும் கத்தலுமாகக் கிளம்பின. ஊரில் பாதிப்பேரை எப்படி நாடு கடத்துவது? அரசனுக்கு வியர்த்துக் கொட்டியது.

மாயனோ மிச்சமிருந்த பொம்மைகளை மறைத்துக் கையை விரித்து நின்றான். "இவை எனக்குத்தான்! இந்தக் கீரி, இந்தச் செம்போத்து, இந்தக் காக்கைகள் யாருக்குச் சொந்தம்? சொல்லுங்கள் பார்க்கலாம்!"

அணில் காத்தாயியின் காதருகே நடுங்கியது. காத்தாயி அதைத் தடவிக்கொடுத்தாள். பிறகு அரசன் பக்கம் திரும்பினாள்.

"மகாராஜா, அதை அப்புறம் பார்ப்போம். எங்க பிராணியையெல்லாம் நாங்க ஒத்துக்கிட்டோம். இப்ப நீங்க சொல்லுங்க. தெருவெல்லாம் மண் காது வச்சு ஊரை ஒட்டுக் கேட்டானே, இந்த மாயன் உங்க ஆளா?"

அரசன் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் முறைத்தது. "இல்லையே" என்றான்.

"எங்க பிராணிகளைப் பொம்மையாக்கித் தன் ஆயுசைக் கூட்டிக்கிட்டானே, இவன் உங்க ஆளா?"

"சேச்சே, இல்லை!"

"அரசே, வாயை மூடுங்கள்!" என்று சூளைமாயன் அலறினான். அவன் கால் விறைக்க ஆரம்பித்திருந்தது.

"இத்தனையும் உங்க பேரைச் சொல்லிச் செஞ்சானே மகாராஜா. உங்க ஆள்தானே?"

"இவன் யாரென்றே எனக்குத் தெரியாது! என் ஆள் இல்லை, இல்லவே இல்லை!"

மாயன் நின்ற இடத்தில் ஒரு சாண் உயரத்தில் ஒரு மண் பொம்மை நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. காவலன் அதைப் பயபக்தியோடு எடுத்து, அலமாரியின் மேல்தட்டில், விளிம்பில் வைத்தான்.

விளிம்பில்!

மிளகு காத்தாயியின் கையிலிருந்து குதித்தது. தட்டுத் தட்டாக ஏறியது. மாயன் பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காத்தாயியின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தது. முன்னங்காலை நீட்டியது.

"வேண்டாம், வேண்டாம்!" என்றான் அரசன்.

மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியது.

பொம்மை தரையில் விழுந்து தூள் தூளானது. அதே நொடியில் அலமாரி முழுக்கச் சிறகடித்தது. கீரி அரசனின் காலுக்கிடையில் ஓடியது. காக்கைகள் சாளரம் வழியாகப் பறந்தன. செம்போத்து மட்டும் அவசரப்படாமல், சபையின் நடுவே நடந்து, வாசல் வழியாகவே வெளியே போனது. போகும்போது அதைப் பார்த்துக் காத்தாயி சொன்னாள்: "அது யாருக்கும் சொந்தமில்லை. எங்க கொல்லைதான் அதுக்குச் சொந்தம்."

அரசன் வெட்கப்பட்டு, மூட்டை நிறையப் பொன் தருவதாகச் சொன்னான். காத்தாயி வேண்டாமென்றாள். தண்டோராப் பறையை அவன் கையில் கொடுத்து, சட்டத்தை நீங்களே ரத்து செய்துவிட்டு வாருங்கள் என்றாள். மகுடவர்மன் பால்காரத் தெருவில் தொடங்கித் தெருத்தெருவாக வெறுங்காலோடு நடந்து, "சட்டம் போட்டது நான்தான், தப்பு என்னுதுதான்" என்று கொட்டிச் சொன்னான். முதல் தெருவில் குரலே எழும்பவில்லை. மூன்றாவது தெருவில் நன்றாகவே வந்தது.

அன்று சாயங்காலமே சொர்ணத்தின் வீட்டில் ஏதோ உடைந்த சத்தம்.

"காத்தாயி! உன் பூனைதானே?"

காத்தாயி முருங்கை மரத்தடியில் தயிர்ப்பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். குண்டான் வடாத்தின் மேல் தூங்கியது. தலைக்கு மேலே அணில் பூவை உதிர்த்தது.

"என்னுதுதான் அக்கா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். "இதோ, விளக்குமாறோட வர்றேன்!"

உடைந்ததை அவள் கூட்டி அள்ளி முடித்தாள். நம் கதையும் அதோடு அள்ளியாயிற்று. உங்கள் வீட்டில் எதையாவது விளிம்பில் வைத்திருந்தால், போய் உள்ளே தள்ளி வையுங்கள்.