மிதக்கிற எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்

இங்கிலாந்தும் பிரான்சும் கடலில் அடித்துக்கொண்ட காலம். பிறந்து இருபத்தைந்து வருஷமே ஆன அமெரிக்கா எந்தப் பக்கமும் சேராமல் வியாபாரம் பார்த்தது. அதனாலேயே இரு பக்கமும் அதைச் சந்தேகப்பட்டன.

நாகப்பட்டினத்துக்கு அருகே ஓர் அமெரிக்கக் கப்பலை இங்கிலீஷ் போர்க்கப்பல் மறித்தது. அதன் துரை ஏறிவந்து, மாலுமிகளை முறைத்துக்கொண்டே நடந்து, பென் என்பவன் முன் நின்றார்.

"உனக்கு நாற்பது வயசு இருக்கும். உன் தேசத்துக்கே இருபத்தைந்துதான். அப்படியானால் நீ பிறந்தது எங்கள் ராஜாவின் குடியாக. பிறந்த இடத்துக்கே சொந்தம், அதுதான் சட்டம். வந்து எங்கள் பீரங்கியைத் தள்ளு!"

துரையின் ஆட்கள் பென்னின் கைகளைக் கயிற்றால் கட்டினார்கள். அமெரிக்கக் கப்பலின் சமையற்காரன், புதுச்சேரிச் சவரி, கரண்டியோடு வந்தான்.

"மனுஷனுக்கு மட்டுமா இந்தச் சட்டம், துரை?"

"கடலில் மிதக்கிற எல்லாவற்றுக்கும்!"

"அப்போ நீங்கள் வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரனிடம் கொடுத்துவிடுங்கள். அவன் கட்டியது. நீங்கள் அதை அவனிடமிருந்து பிடிக்கிறவரை அதில் நான்தான் சமைத்தேன்."

துரையின் ஆட்களே சிரித்துவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் பென்னைப் போலப் பிடித்துவரப்பட்டவர்கள். துரை கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு இறங்கினார்.

அமெரிக்கக் கேப்டன் சவரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிரெஞ்சுக்காரனுக்குச் சமைத்தவனா? நீ யார் பக்கம்?"

"உங்கள் தேசம் மாதிரிதான், கேப்டன். எந்தப் பக்கமும் இல்லை."

அன்று சவரி குடித்துக் காட்டிய பிறகுதான் கேப்டன் கஞ்சியைத் தொட்டார்.